தேதி மட்டும் வேண்டாம்

“அந்தத் தேதி மட்டும் வேண்டாம்க்கா.”

முந்தின நாள் மாலை, பயிற்சிக்கூடத்தின் படிக்கட்டில் நின்று தம்பி இதைச் சொன்னான். ஏன் என்று கேட்பதற்குள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டான். அந்த ஒற்றை வாக்கியத்தோடு இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள் அக்கா.

பின்னே? சும்மா வந்த தேதியா அது? குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பட்டத்துக்கான மோதல்! ஒரு பக்கம் சாம்பியன் கொக்கு. நெட்டை மனிதன், குச்சிக் கால், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிற பார்வை, அதனால் அந்தப் பெயர். குத்து மட்டும் கொக்கினுடையது அல்ல. இன்னொரு பக்கம் அவள் தம்பி. போஸ்டரில் அவனுக்கு இடிதாங்கி என்று பெயர். எத்தனை வாங்கினாலும் நின்ற இடத்தில் நிற்பான். பட்டம் கொக்கிடம் இருந்தாலும் கூட்டம் வருவதென்னவோ இடிதாங்கிக்காகத்தான். இந்த இரண்டு பேரையும் ஒரே ரிங்கில் ஏற்றிவிட வேண்டும் என்று நாயாய்ப் பேயாய் அலைந்தவள் அக்கா.

எதிர்ப்பக்கத்துப் புரமோட்டரும் அக்காவைப் போலவே சண்டைகளை ஏற்பாடு செய்து நடத்துகிறவர்தான். வெண்கலம். தொண்டைக்காக ஊர் வைத்த பெயர் அது. மைக்கே வேண்டாம், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். ஒரு காலத்தில் அக்காவும் அவரும் புருஷன் பெண்டாட்டி. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் தொழில் செய்தவர்கள். பிரிந்தபோது மேசை நாற்காலியோடு வீரர்களையும் பிரித்துக்கொண்டார்கள். அப்போதுதான் தலையெடுத்துவந்த கொக்கு அவர் பங்குக்குப் போனான். தம்பி அக்காவோடு வந்தான். அதற்குப் பிறகு இருவரும் வக்கீல் இல்லாமல் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

இன்று மத்தியானம் கையெழுத்து. மாலையில் பத்திரிகைக்காரர்கள் சந்திப்பு. எல்லாம் கூடிவந்த நேரத்தில் தம்பி இப்படிக் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறான்.

விடிந்ததும் விடியாததுமாக அக்கா பல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். தம்பி மனைவியின் ஆஸ்பத்திரி அது. அவளைப் பல் டாக்டர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ‘புருஷன் உதிர்க்கிறான், பொண்டாட்டி கட்டறா, நல்ல குடும்பத் தொழில்’ என்று கேலி பேசாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

உள்ளே, வாய் பார்க்கும் நாற்காலியில் தம்பி சாய்ந்து கிடந்தான். பல்வலி ஒன்றும் இல்லை. அவன் உடம்பைத் தாங்கும் நாற்காலி அந்த ஆஸ்பத்திரியில் அது ஒன்றுதான். தலைமாட்டில் பல் டாக்டர் நின்றிருந்தாள். இரண்டு பேர் முகத்திலும் திருடிவிட்டு மாட்டிக்கொண்ட களை.

“என்னடா விளையாடறியா?” அக்கா பையை மேசைமேல் தொப்பென்று வைத்தாள். “ஸ்டேடியம் பிடிச்சாச்சு. டிவிக்காரங்க நேரம் ஒதுக்கியாச்சு. கொக்கு சம்மதிக்கறதுக்குள்ள என் தாவு தீர்ந்துபோச்சு. இப்ப வந்து தேதி வேண்டாங்கறே!”

தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

“நானே சொல்றேன் அக்கா. அந்த வாரம்தான் எனக்கும் தேதி கொடுத்திருக்காங்க.”

“உனக்கு எதுக்கு...” என்று ஆரம்பித்த அக்கா, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பல் டாக்டர் தலையை மட்டும் ஆட்டினாள். கோட்டுக்கு மேலே அவள் கை வயிற்றில் வந்து நின்றது. “மூணு மாசம் தாண்டிருச்சு. முந்தி ரெண்டு தடவையும் அது வரைக்கும் வரலை.”

அந்த இரண்டு தடவையும் அக்காவுக்குத் தெரியும். இரண்டாவது தடவை தம்பி வெளியூரில் ரிங்கில் இருந்தான். ஜெயித்துவிட்டு, ஒரு கண் வீங்கி மூடிக்கொள்ள, கையில் கோப்பையோடு வந்து இறங்கியவனை அக்காதான் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பல் டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்து, கடைசியில் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்து பெண்டாட்டியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான் அவன்.

“சண்டையே வேண்டாம்னு நான் சொல்லலைக்கா,” என்றான் தம்பி. “எனக்கும் அந்தப் பட்டம் வேணும். இத்தனை வருஷமா வாங்கின குத்துக்கு அது ஒண்ணுதான் பதில். ஆனா அந்த வாரம் வேண்டாம். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் பயிற்சி முகாம்னு எங்கேயோ போய் அடைஞ்சு கிடக்கவும் என்னால முடியாது. இந்தத் தடவை நான் இவகூட இருக்கணும்.”

“நான் போகத்தான் சொன்னேன் அக்கா. கேட்டாத்தானே?”

“ஆமா, சொன்னா. சொல்லிட்டு என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினா. காலையில விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுக்க வேண்டியிருந்துச்சு.”

பல் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையைத் தேடினாள். கிடைத்த பிறகும் கிடைக்காதது போல இன்னும் கொஞ்ச நேரம் தேடினாள்.

“இன்னொண்ணு அக்கா,” என்றாள் பல் டாக்டர். “யாருக்கும் தெரிய வேண்டாம். என் அம்மாகிட்டகூட இன்னும் சொல்லலை. வாய்விட்டுச் சொன்னா நழுவிப் போயிடுமோன்னு ஒரு பயம். படிச்சவ பேசற பேச்சா இதுன்னு எனக்கே தெரியுது. ஆனாலும்...”

“யாருகிட்டேயும் சொல்ல மாட்டேன்.”

“யாருகிட்டேயும்னா யாருகிட்டேயும்,” என்றான் தம்பி. “கூவிக் கூவி விக்கறது உன் தொழில்க்கா. இதை மட்டும் கூவிடாதே.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. பொய்யில்லையே! அவன் சொல்லி வாய் மூடுமுன் அவள் மண்டைக்குள் ஒரு போஸ்டர் அச்சாகி ஒட்டவும் பட்டிருந்தது. பிள்ளை முகம் பார்த்த கையோடு பட்டத்துக்குக் கிளம்பும் தகப்பன். டிக்கெட் பறக்கும். டிவிக்காரர்கள் காலில் விழுவார்கள். இந்தப் பாழாய்ப்போன புத்தியைக் கழற்றி வைக்க ஓர் ஆணி கிடைக்காதா என்று நினைத்துக்கொண்டே, பல் டாக்டரின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்தாள்.

“என்மேல ஆணை. போதுமா?”

*

ஹோட்டலின் மாடியறையில் நீள மேசை. இந்தப் பக்கம் அக்கா தனியாக. அந்தப் பக்கம் வெண்கலமும் அவருடைய வக்கீலும். கீழே கூடத்தில் நாற்காலி போடும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

ஒரு சண்டையைப் பேசி முடிப்பதென்பது கல்யாணம் பேசி முடிப்பதை விடச் சிரமம். போஸ்டரில் யார் பெயர் முதலில்? ரிங்குக்கு யார் கடைசியாக நடந்து வருவது? யாருக்கு எந்த உடைமாற்றும் அறை? எந்தக் கம்பெனியின் கையுறை? ரிங் எவ்வளவு பெரியது? வெளியே இருப்பவர்களுக்கு இதெல்லாம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் மல்லுக்கு நிற்பார்கள். அக்கா நின்றாள். சாம்பியன் பெயருக்கு முன்னால் தன் தம்பி பெயரைப் போட வைத்தாள். நல்ல அறையைப் பிடுங்கினாள். சொன்ன கையுறையை ஏற்க வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சின்ன ரிங் வாங்கினாள்.

பேனாவை எடுத்து நீட்டினார் வக்கீல். தொண்டைக் கரகரப்புக்காக எப்போதும் வாயில் ஒரு மாத்திரையை உருட்டிக்கொண்டிருக்கும் ஒல்லி மனிதர் அவர்.

“எல்லாம் சரியா இருக்கு,” என்றாள் அக்கா. “தேதி மட்டும் மாறணும். நாலு மாசம் தள்ளி வேணும்.”

வக்கீலின் வாயில் மாத்திரை நின்றது. “என்ன மேடம் சொல்றீங்க? கீழே பத்திரிகைக்காரங்க வரப்போற நேரத்துல?”

“சொந்தக் காரணம்.”

“சொந்தக் காரணம்னா காயம்னு அர்த்தம். தோளா, முட்டியா?”

“காயம் எதுவும் இல்லை.”

“அப்போ எங்க டாக்டர் வந்து பார்க்கலாமா?”

“தாராளமா. என் தம்பியைத் தலைகீழா நிறுத்திக்கூடப் பாருங்க.”

வக்கீல் வெண்கலத்தைப் பார்த்தார். வெண்கலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் முன்னைக்கு இப்போது கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் தொளதொளத்தது. அதைக் கவனிக்க நமக்கென்ன என்று அக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“சும்மா மாத்த முடியாது மேடம்,” என்றார் வக்கீல். “எங்களுக்கு என்ன கொடுக்கறீங்க?”

கொடுத்தாள் அக்கா. முதலில் அறை போயிற்று. அப்புறம் கையுறை. போஸ்டரில் பெயர் என்று வந்தபோது ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, “சரி, உங்க ஆள் பேரே முதல்ல வரட்டும்,” என்றாள். இத்தனை மாதம் வாய் வலிக்கப் பேசி வாங்கியவை எல்லாம், தேநீர் ஆறுவதற்குள் மேசையின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன.

வக்கீலுக்கு ருசி கண்டுவிட்டது. “ரிங்கையும் பெரிசாக்கிடலாமே?”

“அது முடியாது.”

“ஏன்?”

ஏன் என்பது அவருக்கும் தெரியும். கொக்குக்கு நீளக் கை. ரிங் பெரிதாக இருந்தால் எட்ட நின்று குத்திவிட்டு நழுவிக்கொண்டே இருப்பான். தம்பி நெருங்கிப் போய் விலாவில் இறக்குகிறவன். இடம் சின்னதாக இருந்தால்தான் மூலையில் மடக்க முடியும். பெரிய ரிங்கில் போனால் கிட்ட நெருங்குவதற்குள் வாங்குகிற அடி அத்தனையும் தலையில் விழும். பெயரைக் கொடுக்கலாம், அறையைக் கொடுக்கலாம். தம்பியின் தலையைக் கொடுக்க முடியுமா?

“ஒண்ணு, ரிங்கைக் கொடுங்க. இல்லை, காரணத்தைச் சொல்லுங்க,” என்றார் வக்கீல். “ரெண்டும் முடியாதுன்னா பழைய தேதியிலேயே கையெழுத்துப் போடுங்க. அதுவும் முடியாதுன்னா, கொக்கோட மோத வெளியூர்ல வேற ஆள் இருக்கான்.”

அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் வைத்து அழுத்தினாள்.

“வக்கீல் சார்,” வெண்கலம் அப்போதுதான் வாயைத் திறந்தார். “கொஞ்சம் வெளியே காத்தாட நடந்துட்டு வாங்களேன்.”

“இந்த நேரத்துலயா?”

“இந்த நேரத்துலதான்.”

கதவு சாத்திக்கொண்டது. வெண்கலம் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

“பல் டாக்டர் எப்படி இருக்கா? வாந்தி நின்னுச்சா?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன... என்ன வாந்தி?”

“போன மாசம் கடைவாய்ப் பல்லுக்குப் போயிருந்தேன்.”

“நீங்க அவகிட்டயா போறீங்க?”

“வேற எங்கே போறது? உனக்கும் எனக்கும்தான் கோர்ட்டு கேஸு. என் பல்லு என்ன பாவம் பண்ணிச்சு?” தாடையைத் தடவிக்கொண்டார். “எக்ஸ்ரே எடுக்கணும்னு சொன்னா. ஆனா அவ எடுக்கலை. உதவிக்கு இருக்கற பொண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிட்டு, விறுவிறுன்னு தெருவாசல் வரைக்கும் போயிட்டா. கண்ணாடி வழியாப் பார்த்தேன். கோட்டுப் பையிலேருந்து புளிப்பு மிட்டாய் எடுத்து வாயில போட்டுக்கறா! எனக்குப் பல்லு பார்க்கற இத்தனை வருஷமா மிட்டாய் தின்னாதேன்னு என் உயிரை வாங்கினவ அவ. ரெண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியாதா?”

“யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“என் நாக்கு எங்கே நிக்கணும்னு எனக்குத் தெரியும்.”

அவர் குரலைத் தாழ்த்தியிருந்தார். இந்தத் தொண்டையால் இப்படியும் பேச முடியும் என்பதை அக்கா மறந்தே போயிருந்தாள். முன்பு தொட்டில் போடுவதற்கென்று ஒரு சின்ன அறைக்கு இருவரும் சேர்ந்து வெளிர்மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். காய்வதற்குள் அந்த அறை தேவையில்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் வேலை வேலை என்று ஓடி, வீட்டில் பேச வேண்டியதை அலுவலகத்திலும் அலுவலகத்தில் கத்த வேண்டியதை வீட்டிலும் கத்தித் தீர்த்தார்கள். அந்த மஞ்சள் இந்த நிமிடம் இருவர் கண்ணிலும் வந்து போனது.

“ஸ்டேடியத்துல இன்னொரு நாளும் சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார் வெண்கலம். “நீ கேட்ட அதே நாலு மாசம் தள்ளி. டிவிக்காரங்ககிட்டயும் ஜாடையாப் பேசிட்டேன்.”

அக்காவுக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடியே அது காய்ந்தும் போயிற்று.

“அப்போ எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா நான் ஒவ்வொண்ணா அவுத்துக் கொடுக்கறதை வேடிக்கை பார்த்தீங்க?”

“நீ கொடுக்கறே. நான் வேண்டாம்னா சொல்லுவேன்? நானும் தொழில் பண்றவன்தானே?”

“அடப்பாவி மனுஷா!”

“தேதியை நானா மாத்தறேன்னு வந்தா, உங்களுக்கென்ன எங்க வீட்டு விஷயத்துல அக்கறைன்னு அதுக்கும் என்கூடச் சண்டைக்கு வந்திருப்பே. நீயா கேக்கட்டும்னு காத்திருந்தேன்.”

அக்கா கோபத்தோடு சிரித்துவிட்டாள். எத்தனையோ வருடம் கழித்து இவர் முன்னால் சிரிக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது.

“சரி. பேரைத் திருப்பிக் கொடுங்க.”

“முடியாது. பேரு சாம்பியனுக்குத்தான்.”

“அறை?”

“எடுத்துக்கோ.”

“கையுறை?”

“அதுவும் எடுத்துக்கோ. ரிங் சின்னதாவே இருக்கட்டும். என் மச்சினன் மண்டை எனக்கும் வேணும்.”

முன்னாள் மச்சினன் என்று திருத்தலாமா என்று யோசித்தாள் அக்கா. திருத்தவில்லை.

*

பிரச்சினை கீழே கூடத்தில் வெடித்தது.

மேடையில் நான்கு நாற்காலி. ஒரு கோடியில் கொக்கு, மறு கோடியில் தம்பி, நடுவில் புரமோட்டர்கள். புதிய ஒப்பந்தம் அச்சாகிக்கொண்டிருந்தது. அது வந்ததும் எல்லோர் முன்னாலும் வீரர்கள் இருவரும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. தேதி தள்ளிப் போவதற்குக் கொக்கு முகத்தைச் சுளித்திருந்தான். ஆனாலும் வெண்கலம் சொல்லை அவன் தட்டியதில்லை.

புதிய தேதியை அறிவித்ததும் முன்வரிசை நிருபர் ஒருவர் எழுந்தார். “ஏற்கெனவே சொன்ன தேதி ஏன் தள்ளிப்போச்சு? இடிதாங்கிக்குத் தோள்ல அடின்னு பேசிக்கறாங்களே?”

அக்கா மைக்கை இழுத்தாள். “அப்படி எதுவும் இல்லை. நிர்வாகக் காரணம்.”

“என்ன காரணம்னு சொல்லலாமே மேடம்?”

அதற்குள் கொக்கு தன் மைக்குக்குக் கழுத்தை நீட்டிவிட்டான். “நான் சொல்றேன். அடி தோள்ல இல்லை. நெஞ்சுல. ஐயாவுக்குப் பயம் வந்திருச்சு!”

கூடம் கொல்லென்று சிரித்தது. காமிராக்கள் எல்லாம் தம்பி பக்கம் திரும்பின.

சின்ன வயதிலிருந்தே தம்பிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். இப்போது இரண்டு காதும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. அடிக்குப் பின்வாங்காதவன் என்ற பெயரில்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது. அந்தப் பெயரைக் கூட்டத்துக்கு நடுவே உரித்துப் போடுகிறான் ஒருவன். அக்காவின் கையில் மைக் இருந்தது. என் தம்பி அப்பா ஆகப்போறான் என்று ஒரே ஒரு வரி. சொன்னால் இந்தச் சிரிப்பு அப்படியே கைதட்டலாக மாறும். கொக்கே எழுந்து வந்து கட்டிப் பிடிப்பான். நாளைய பத்திரிகையெல்லாம் அதுவாகத்தான் இருக்கும். அந்த வரி அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

பல் டாக்டரின் கை தன் தலைமேல் இருந்த பாரம் நினைவுக்கு வந்தது. அக்கா மைக்கை அணைத்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

தம்பி குனிந்து தன் மைக்கைத் தட்டிப் பார்த்தான்.

“ஆமாங்க,” என்றான். “பயமாத்தான் இருக்கு.”

சிரிப்பு ஒரு கணம் தடுக்கி நின்றது. அவன் கேலிக்குச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அப்புறம் பின்வரிசையில் யாரோ விசிலடிக்க, முன்னைவிடப் பெரிதாகச் சிரிப்பு கிளம்பியது. தம்பி தலையைத் தூக்கி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா மேசைக்கு அடியில் அவன் கையைப் பிடித்தாள். அவ்வளவு பெரிய கை ஜில்லென்றிருந்தது.

“நிறுத்துங்க!”

வெண்கலம் எழுந்து நின்றார். மைக்கைத் தொடவே இல்லை. கூடம் கப்சிப்பென்று அடங்கியது.

“தேதியைத் தள்ளச் சொன்னது நான். அவங்க இல்லை. எங்க ஆளுக்கு இன்னும் பயிற்சி போதாதுன்னு எனக்குப் பட்டுச்சு. இடிதாங்கி முன்னாடி அவசரப்பட்டு நிறுத்த எனக்கு மனசு வரலை. வேற ஏதாவது கேக்கணுமா?”

கேட்பதற்கு என்ன இருக்கிறது? நிருபர்கள் விழுந்தடித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தம்பி அவரை வாயைப் பிளந்து பார்த்தான். “மாமா...” என்று மெதுவாக ஆரம்பித்தவனை, உட்காரும்போது அக்காவுக்குப் பின்னால் கையை நீட்டித் தோளில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினார் வெண்கலம்.

மறுகோடியில் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கொக்கு எழுந்து நின்றிருந்தான். அந்த உயரமான மனிதனின் முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. பள்ளியில் எல்லோர் முன்னாலும் சொந்த அப்பாவே குறை சொல்லிவிட்டால் ஒரு பையன் முகம் எப்படிப் போகுமோ அப்படி. ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வக்கீல் படியிறங்கி வந்தபோது, கொக்கு அவரைத் தாண்டி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

*

“அவன் வந்துருவான். ராத்திரிக்குள்ள சமாதானப்படுத்திடறேன்,” என்று வெண்கலம் சொன்னார். சொல்லும்போது அக்காவைப் பார்க்கவில்லை.

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டாள் அக்கா.

“வேற எதுவும் வாயில வரலை. உன் தம்பி அங்கே உக்காந்திருந்ததைப் பார்த்தியா?” கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். “நீ போ. அவனைக் கூட்டிட்டு சீக்கிரம் போ. பொண்டாட்டியை இன்னிக்கு டாக்டர்கிட்ட காட்டணும்னு மேலேயே சொன்னியே, பறந்துட்டிருக்கான்.”

தம்பி அதற்குள் பறந்தேவிட்டிருந்தான். நிருபர்களைச் சமாளித்து அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அக்கா ஹோட்டலின் கார் நிறுத்தத்துக்குத் தனியாக வந்தாள். வெயில் சாய்ந்து, கார்க் கண்ணாடிகள் எல்லாம் பொன்னாக இருந்தன. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். சாவியைப் போடப்போன நேரம் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

கொக்கு. ஜன்னலுக்கு வருவதற்கு அவன் பாதிக்குப் பாதி மடிய வேண்டியிருந்தது.

“மேடம், ரெண்டு நிமிஷம்.”

கண்ணாடியை இறக்கினாள்.

“அவர் சொன்னது நிஜமா? எனக்குப் பயிற்சி போதாதா?” அவன் கண்கள் ஈரமாக இருந்தன. “தினம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடறேன் மேடம். அவருக்குத் தெரியும். அவர்தான் சைக்கிள்ல கூடவே வருவார். அவரே அப்படிச் சொல்லலாமா?”

அக்கா சாவியை மடியில் போட்டாள். அதுக்குக் காரணம் வேறப்பா என்று மட்டுமாவது சொன்னால் போதும். காரணம் என்ன என்று அடுத்த கேள்வி வரும்.

“அவர்கூட இனிமே நான் இல்லை,” என்றான் கொக்கு. “அவருக்கும் எனக்கும் இருந்த ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுசா போடப்போறதில்லை. நீங்க என்னை எடுத்துக்குங்க. உங்க தம்பியோட சண்டையை நீங்களே நடத்துங்க. எந்தத் தேதி வேணும்னாலும் வெச்சுக்குங்க, எந்த ரிங் வேணும்னாலும் போட்டுக்குங்க. அவர் கை இதுல படக் கூடாது. நாளைக்குக் காலையில சொல்லுங்க. இல்லைன்னா இந்தச் சண்டையே வேண்டாம். வெளியூர்க்காரனோட மோதிக்கறேன்.”

இந்த வார்த்தைக்காக ஒரு காலத்தில் அக்கா தவம் கிடந்திருப்பாள். சாம்பியனும் அவன் எதிராளியும் ஒரே புரமோட்டரிடம்! ஒப்புக்கொண்டால் தம்பிக்குப் பட்டச் சண்டை உறுதி. ஆனால் வெண்கலத்திடம் மிச்சமிருக்கும் ஒரே பெரிய வீரன் இவன்தான். இவனும் போய்விட்டால் அந்த மனிதர் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியதுதான். ஒப்புக்கொள்ளாவிட்டால் தம்பியின் கனவு போயிற்று. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அதைச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை.

மடியில் போன் அதிர்ந்தது. தம்பி. எடுத்துக் காதில் வைத்தாள்.

“அக்கா, பேசாதே. கேளு. டாக்டர் இவ வயித்துல கருவி வெச்சாங்க, ரெக்கார்டு பண்ணிட்டேன். நான் இதைக் கேட்டதே இல்லைக்கா. முந்தியெல்லாம் இவ தனியாத்தானே போவா? கேளு, கேளு...”

ஏதோ கரகரத்தது. அதற்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. குட்டிக் குதிரை ஒன்று தலைதெறிக்க ஓடுவதைப் போல, நிற்காமல், மூச்சு வாங்காமல், வேகவேகமாக.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இமையோரத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை வரவில்லை.

ஜன்னலில் குனிந்திருந்த கொக்கு பதறிப்போனான். தன் பேச்சுதான் இந்த அம்மாளை அழவைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். பையைத் துழாவித் தன் கைக்குட்டையை எடுத்து, அந்த நீளமான கையை உள்ளே விட்டு, அவள் மடியில் வைத்தான்.

“அழாதீங்க மேடம்,” என்றான். “நிதானமா யோசிச்சே சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கறேன்.”